‘ஒன்லி இஃப்’ வந்தால் அம்பு எந்தப் பக்கம்?

கேள்வி: மொரீசியஸில் ரோஸ் ஹில்லில் வசிக்கும் நான், பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தர்க்கக் குறியீடுகளாக மாற்றும்போது ‘இஃப்’ சரியாக வருகிறது. ‘ஒன்லி இஃப்’, ‘அன்லெஸ்’ ஆகியவை வந்தால் அம்பைத் திருப்பிப் போட்டுவிடுகிறேன். இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: குறியீட்டைத் தொடுவதற்கு முன், எந்த நிலைமை நேர்ந்தால் அந்த வாக்கியம் பொய்யாகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘அ நேர்ந்தால் ஆ’ என்னும் நிபந்தனைக் கூற்றை அ → ஆ என்று எழுதுகிறோம்; அ வால்பக்கம், ஆ தலைப்பக்கம். பகுதிகள் மெய்யாகவோ பொய்யாகவோ அமையும் எல்லாச் சேர்க்கைகளையும் காட்டும் அதன் மெய்மை அட்டவணையில் உள்ள 4 வரிசைகளில், அம்பின் வால்பக்கம் மெய்யாகவும் தலைப்பக்கம் பொய்யாகவும் அமைந்த ஒன்று மட்டுமே பொய்யாகும்; அந்த வரிசையைக் கண்டுவிட்டால் திசை தெரிந்துவிடும்.

புயல் எச்சரிக்கை விலக்கப்பட்டால்தான் பேருந்துகள் ஓடும் என்று ஆங்கிலத்தில் ‘ஒன்லி இஃப்’ இட்டு எழுதியிருப்பதாகக் கொள்வோம். பேருந்துகள் ஓடுவது ‘ப’, எச்சரிக்கை விலக்கப்படுவது ‘எ’. எச்சரிக்கை நீடிக்கும்போதே பேருந்துகள் ஓடினால் இவ்வாக்கியம் பொய். எச்சரிக்கை விலகிய பின்னும், சாலையில் மரம் விழுந்து கிடப்பதால் பேருந்துகள் ஓடாமல் போனால், வாக்கியத்திற்கு எந்தப் பழுதும் இல்லை. எனவே விடை ப → எ. நீங்கள் எ → ப என்று எழுதுவதற்குக் காரணம், தமிழில் நிபந்தனை வழக்கமாக முன்னால் வந்து நிற்பதாக இருக்கலாம். ஆனால் கைகொடுப்பதும் தமிழே: வெறும் ‘ஆல்’ ஏற்ற பகுதி அம்பின் வாலுக்கும், ‘ஆல்தான்’ ஏற்ற பகுதி அம்பின் தலைக்கும் போகும்.

‘அன்லெஸ்’ இதைவிட எளிது. அது வரும் இடத்தில் ∨ (‘அல்லது’) போட்டாலே போதும். எச்சரிக்கை விலக்கப்பட்டாலொழியப் பேருந்துகள் ஓடா என்பது ¬ப ∨ எ (¬ என்பது மறுப்புக் குறி). மெய்மை அட்டவணை போட்டுப் பார்த்தால் இது ப → எ என்பதற்குச் சமம் என்று காண்பீர்கள். அப்படியானால் எச்சரிக்கை விலகியதும் பேருந்து நிச்சயம் ஓடும் என்று பேச்சில் நாம் புரிந்துகொள்கிறோமே என்று கேட்கலாம். அது கேட்பவர் ஊகித்துச் சேர்த்துக்கொள்வது, வாக்கியம் சொல்வது அன்று. ‘இஃப் அண்ட் ஒன்லி இஃப்’ என்று வெளிப்படையாக இல்லாதவரை ↔ (இரு திசையிலும் செல்லும் அம்பு) இடாதீர்கள்.

‘பட்’ என்பது ∧ (‘மற்றும்’) தான். அதில் உள்ள ஏமாற்றமோ வியப்போ குறியீட்டில் ஏறாது. ‘பிகாஸ்’ வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எச்சரிக்கை இருந்ததால் பேருந்துகள் ஓடவில்லை என்ற வாக்கியத்தின் இரு பகுதிகளும் மெய்யாகவே இருக்க, உண்மைக் காரணம் வேலைநிறுத்தமாக இருக்கலாம். பகுதிகளின் மெய்பொய்யைக் கொண்டு முழு வாக்கியத்தின் மெய்பொய்யை முடிவுசெய்ய இயலாததால், இதற்கு மெய்மை அட்டவணையே கிடையாது.

குறியீட்டிலிருந்து வாக்கியத்திற்குத் திரும்பும்போது அடைப்புக்குறிதான் அதிகம் தொலைகிறது. கடைகள் திறந்திருப்பதைக் ‘க’ என்று கொண்டால், ¬ப ∧ ¬க என்பது பேருந்தும் ஓடாது, கடையும் திறக்காது என்பதாகும். ¬(ப ∧ க) என்பதோ, இரண்டும் ஒருசேர நடக்காது என்று மட்டுமே சொல்கிறது. ஏதேனும் ஒன்று நடக்கத் தடையில்லை. இங்கே ‘ஒருசேர’ என்பதை விட்டுவிட்டு ‘இரண்டும் நடக்காது’ என்று எழுதினால், திருத்துபவர் அதை ¬ப ∧ ¬க என்றே வாசிப்பார்.