களவெட்டிச் சொல் வீட்டுக்குள் வராது

அன்பின் ஐயா,

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புக்கலை இறுதி வருடம் படிக்கிறேன். ஊர் படுவான்கரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. ஆய்வுக்கு எங்கள் பகுதிக் களவெட்டிச் சொற்களை, அதாவது நெல்லடிக்கும் களத்தில் புழங்கும் சொற்களை, எடுத்தேன். 25 கேள்விகளோடு ஒரு வினாக்கொத்துத் தயாரித்துக்கொண்டு முதலில் என் பெத்தப்பாவிடமே (தாத்தாவிடமே) போனேன். அவர் வட்டவிதானையாக, வயல் வேலைகளை மேற்பார்க்கும் தலைவராக, இருந்தவர். பெயர், வயது எல்லாம் சொன்னார். சூடு மிதிக்கும்போது (கதிர்க் குவியலை மாடு விட்டு மிதிக்கும்போது) நெல்லை, மாட்டை, கூடையை என்ன பெயரில் சொல்வீர்கள் என்று கேட்டதும் சிரித்துவிட்டு, “அதெல்லாம் வீட்டுக்குள்ள சொல்ற சொல்லா புள்ள?” என்று எழும்பிப் போய்விட்டார். பக்கத்து வீட்டு மாமியோ “இந்தப் போம் நிரப்பினா என்ன தருவாங்க?” என்றார். சொந்த ஊரை ஆய்வு செய்தால் பக்கச்சார்பு வரும் என்கிறார் ஒரு சீனியர் அக்கா. என்னோடு விடுதியில் இருக்கும் விஞ்ஞான பீடத்துப் பிள்ளைகள் “இதுவும் ஒரு ஆராய்ச்சியா” என்கிறார்கள். தலைப்பை மாற்றட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்பின் மகள்,

மாற்ற வேண்டாம். பெத்தப்பா எழும்பிப் போன அந்த இடத்தில்தான் உங்கள் ஆய்வு தொடங்கியிருக்கிறது, நீங்கள் அதை ஆய்வு குழம்பிய இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் மாமியின் கேள்வி. அவர் மேல் கோபப்படாதீர்கள். 2006, 2007 இடப்பெயர்வு, 2011 வெள்ளம், இடையிலும் பிறகும் எத்தனை நிவாரணம், எத்தனை பதிவு. படுவான்கரைச் சனம் அவ்வளவு போம் நிரப்பியிருக்கிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் என்றால் சுனாமிக்குப் பிறகு ஒரே குடும்பத்திடம் ஒரே கேள்வியை நாலு பேர் வந்து கேட்டார்கள். கையில் தாளும் பேனையுமாக ஒரு ஆள் படலையைத் திறந்தால் ஒன்று கூரைத்தகரம் வரும் அல்லது ஒன்றும் வராது, இதுதான் அவர்கள் கண்ட அனுபவம். நீங்கள் அவர் கண்முன் வளர்ந்த பிள்ளைதான். ஆனால் அந்தத் தாளைக் கையில் எடுத்ததும் என்.ஜி.ஓ.க்காரியாகிவிட்டீர்கள். வினாக்கொத்து கடனுக்கும் வருமானத்துக்கும் சரி, சொல்லுக்குச் சரிவராது.

இதை நான் புத்திசாலித்தனத்தில் சொல்லவில்லை. என் இறுதி வருட ஆய்வு கூத்துப் பாடல் பற்றியது. ஒரு டேப் ரெக்கோடரை இரவல் வாங்கிக்கொண்டு கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியார் வீட்டுக்குப் பகல் இரண்டு மணிக்குப் போனேன். பாவம் மனிதர், வயலால் வந்து சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சரிந்திருந்தார். பாடச் சொன்னேன். இரண்டு வரி பாடினார், நிறுத்தினார். “மத்தளம் இல்லாம நாக்கு வராது தம்பி” என்றார். நான் என்ன செய்தேன்? ஆய்வேட்டில் ‘தகவலாளி போதிய ஒத்துழைப்பு வழங்கவில்லை’ என்று எழுதினேன்! பட்டமெல்லாம் வாங்கி வேலையில்லாமல் திரிந்த காலத்தில் ஒரு நாள் கூத்துப் பழக்கம் பார்க்கப் போய் நின்றால், அதே மனிதர் சல்லரித் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடுகிறார், ஒரு இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. என்னுடைய அந்த வசனம் மட்டும் இன்னும் ஒரு தட்டில் தூசி படிந்து கிடக்கிறது, திருத்தவும் முடியாது.

பெத்தப்பா சொன்னதும் இதேதான். களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்று சொல்ல வேண்டும். வழக்கமான பெயர்களைச் சொன்னால் பூதம் கேட்டு விளைச்சலை வாரிக்கொண்டு போய்விடும் என்று நாங்களும் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். அப்படியானால் அது வெறும் சொற்பட்டியல் இல்லை, ஓர் இடத்துக்கும் ஒரு வேலைக்கும் கட்டுப்பட்ட பேச்சு. அதை வீட்டுக்குள் வைத்துச் சொல்ல அவருக்குக் கூச்சம். ‘வீட்டில் சொல்ல மறுத்தார்’ என்பதை உங்கள் முதல் தரவாக, தேதி போட்டு எழுதுங்கள்.

அடுத்து பக்கச்சார்பு. எமர்சன் தெனன்ற் என்ற வெள்ளைக்காரர், இலங்கையில் காலனித்துவச் செயலாளராக இருந்தவர், 1848இல் மட்டக்களப்பு வாவியில் இரவில் தோணியில் போய் நம்முடைய பாடுமீன் ஓசையைக் கேட்டார். எங்கிருந்து வருகிறது என்று மீன்பிடிக்கிற ஆட்களிடம் விசாரித்தார். மீன் அல்ல, சிப்பிதான் என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன பெயரையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்தார்: ஊரி கூலீரூ கிராடூ. அழுகிற சிப்பி என்று பொருளும் போட்டார். நான் முதன்முதலில் வாசித்தபோது இது என்ன மொழி என்று முழித்தேன். பிறகு வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். ஊரி குளறுகிறது! ஊரி என்றால் சிப்பி, குளறுவது என்றால் கதறி அழுவது. எனக்கு அப்படித்தான் கேட்கிறது. எங்களூர்ப் பெத்தா (பாட்டி) எவரிடம் வாசித்துக் காட்டினாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

ஆனால் இதில் ஒரு குத்தலும் இருக்கிறது. குளறுவது எங்களுக்கு விளங்கும், சரி. இரவில் தோணியெடுத்துப் போய் ‘இது என்ன சத்தம்’ என்று கேட்டு எழுதியது வெளியாள். நாங்கள் கேட்கமாட்டோம், தெரியும்தானே என்று விட்டுவிடுவோம். சொந்த ஊரை எடுக்கிறவருக்கு உள்ள ஆபத்து பாசம் இல்லை, இந்தத் ‘தெரியும்தானே’தான். ஆகவே எழுதிய அத்தியாயத்தை வயலே பார்க்காத ஒரு கொழும்புப் பிள்ளையிடம் கொடுங்கள், விளங்காத இடத்திலெல்லாம் கோடு போடட்டும். சூடு என்றால் காய்ச்சலா என்று கேட்கும், சிரிக்காமல் ஒரு பக்கம் எழுதுங்கள்.

விடுதிப் பிள்ளைகளையும் விடாதீர்கள். சிங்கள விவசாயிகளுக்கும் ‘கமத’ என்கிற சூடடிக்கும் களத்துக்கென்று தனிப்பேச்சு உண்டு. மெஸ்ஸில் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிற பொலன்னறுவைப் பிள்ளையின் தாத்தாவும் உங்கள் பெத்தப்பாவைப் போலவே சிரித்துவிட்டு எழும்பிப் போகக்கூடும். சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் வயல்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்கள் பெட்சில் யாரையாவது கேட்டீர்களா? இவ்வளவு ஊர்ப் பிள்ளைகள் ஒரே கூரைக்குக் கீழ் சேர்வது கம்பஸில்தான். நாலு வருடத்தையும் ஊர்ச்சங்கம், பகிடிவதை, குறிப்புப் போட்டோகொப்பி என்று முடித்துவிட்டுப் போகிறோம்.

‘இதுவும் ஆராய்ச்சியா’ என்கிறவர்களுக்கு விபுலானந்தரைச் சொல்லலாம். (அவர் பெயரைச் சொல்லாமல் மட்டக்களப்பில் ஒரு கூட்டமும் கலைவதில்லை, நானும் சொல்லிவிட்டேன்.) லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் எடுத்த காரைதீவு மனிதர், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் கணக்கையும் வைத்துக்கொண்டு பழைய யாழைத் தேடினார். 1947இல் ‘யாழ்நூல்’ வெளிவந்தது, அடுத்த மாதம் அவர் இல்லை. உங்கள் கம்பஸும் 1981இல் விஞ்ஞானத்தோடும் விவசாயத்தோடும்தான் தொடங்கியது, கலை பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே விவசாய பீடத்துக்கு நடந்து போங்கள். அறுவடை இயந்திரம் வயலிலேயே வெட்டி, அடித்து, நெல்லாகச் சாக்கில் கொட்டிவிடுகிறது. சூடு வைக்கத் தேவையில்லை, களவெட்டி தேவையில்லை, பூதத்துக்குப் பயப்படவும் நேரமில்லை. உங்கள் பகுதிக்கு அந்த இயந்திரம் எந்தப் போகத்தில் வந்தது என்று அங்கே உள்ளவர்களிடமும் ஊரிலும் கேட்டுப் போடுங்கள். சொற்கள் ஏன் போயின என்ற அத்தியாயத்துக்கு அது இல்லாமல் முடியாது.

கடைசியாக ஒன்று. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். அப்போது உங்களுக்குப் பரீட்சையாக இருந்தாலும் ஒரு சனி, ஞாயிறு ஊருக்குப் போங்கள். வினாக்கொத்து வேண்டாம். பழைய களவெட்டி எந்த இடத்தில் இருந்தது என்று காட்டச் சொல்லிப் பெத்தப்பாவை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் பதியலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். சொன்னால் எனக்கும் எழுதுங்கள், சொற்களை அல்ல, அவர் எந்த இடத்தில் நின்று சொன்னார் என்பதை.