தத்தெடுத்த மகள் அந்நியரிடம் தயங்காமல் செல்வது குறித்து

முதல் இரண்டரை ஆண்டுகளைக் காப்பகத்தில் கழித்த உங்கள் ஆறு வயது மகள் முன்பின் தெரியாதவர்களோடு கைகோத்துப் போய்விடுவதாகவும், அடிபட்டால்கூட உங்களிடம் வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இது உங்கள் வளர்ப்பின் குறையன்று.

அழும்போதெல்லாம் ஒரே முகம் வந்து தூக்காத சூழலில், எவரிடம் கவனம் கிடைத்தாலும் பற்றிக்கொள்ளக் குழந்தை பழகிவிடுகிறது. மூளையில் அச்சத்தை உணரும் அமிக்டலா என்னும் பகுதியும் அதை நெறிப்படுத்தும் முன்மூளைப் புறணியும் இணையும் விதமும், கார்ட்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் சுரக்கும் ஒழுங்கும் அந்தப் பருவத்தின் அனுபவத்தால் பெரிதும் வடிவம் பெறுகின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய பாசப்பிணைப்பு தெளிவாகத் தேறியது. அந்நியரிடம் தயக்கமின்றிச் செல்லும் போக்கோ அவ்வளவு எளிதில் மாறவில்லை. ஆகவே இந்தப் போக்கைக் கொண்டு அவளுக்கு உங்கள்மீதுள்ள பாசத்தை, தயவுசெய்து, அளக்காதீர்கள்.

காயத்துக்கு மருந்திடுவது, தூங்கவைப்பது போன்றவை சில காலம் பெற்றோர் கையால் மட்டுமே நடக்கட்டும். அவள் வராவிட்டாலும் நீங்களே அருகில் சென்று அமருங்கள். குழந்தை மனநல மருத்துவரை அணுகுவது நல்லது. ஆனால் பிணைப்பை உண்டாக்குவதாகச் சொல்லிக் குழந்தையை வலுக்கட்டாயமாகப் பிடித்து அமுக்கும் எந்த முறைக்கும் இணங்காதீர்கள், அதனால் உயிரிழப்பே நேர்ந்திருக்கிறது.