ரோலெக்ஸ், ஒமேகா மாதிரி விலையுயர்ந்த வாட்ச் கட்டிக்கொண்டு ஸ்கூபா டைவிங் போகலாமா?

போகலாம். டைவிங்குக்கென்று செய்த மாடலாக இருக்க வேண்டும், சாவி (பக்கத்தில் மணி திருத்தும் குமிழ்) திருகி மூடியிருக்க வேண்டும், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் காய்ந்துபோகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். "அதெல்லாம் ஏசி ரூமில் சட்டைக் கையை மடித்துக் காட்டத்தான்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனதால்தான் எழுதுகிறேன்.

கேட்டவரைப் பற்றி என் ஊகம்: புதுக் கல்யாணம், மாமனார் போட்ட வாட்ச், அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. தப்பென்றால் மன்னிக்கவும். ஆனால் அப்படித்தான் என்றால், நீங்கள் செய்யப்போவது 'டிரை டைவ்', பயிற்சி இல்லாதவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது. 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள், பயிற்சியாளர் டேங்கைப் பிடித்தபடியே கூட வருவார். அங்கே வாட்சுக்கு வேலையே கிடையாது, போட்டோவில் விழும், சரி. அதுவும் மெலிசான தங்க வாட்ச், தோல் ஸ்ட்ராப் என்றால் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். படேக் பிலிப்பின் காலட்ராவா எத்தனை லட்சம் ஆனாலும் அதில் போட்டிருப்பது 30 மீட்டர்தான். அந்த 30 கை கழுவவும் மழைத்தூறலுக்கும், கடலுக்கு அல்ல.

டைவ் வாட்ச் கதை வேறு. முறையாகப் படித்துவிட்டு இறங்குகிறவர்களுக்கே ஓப்பன் வாட்டர் என்ற முதல் கோர்ஸில் 18 மீட்டர், அடுத்த கோர்ஸான அட்வான்ஸ்டில் 30, பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40. ரோலெக்ஸ் சப்மரைனரும் ஒமேகா சீமாஸ்டரும் தாங்குவது 300. ஐஎஸ்ஓ 6425 தரத்துக்கு டைவர்ஸ் வாட்ச் என்று போட வேண்டுமானால், எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஒவ்வொரு வாட்சையும் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும் என்பதும் அதில் உண்டு.

உடனே ஒருவர் வருவார்: "அது அசையாத தண்ணீரில் சார், நீங்கள் கையை வீசினால் டைனமிக் பிரஷர் எகிறிவிடும்." கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும் கூடுவது ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தின் அழுத்தம்தான். தண்ணீருக்கடியில் அந்த வேகத்தில் கை வீச முடிந்தால் உங்களுக்கு வாட்சே தேவையில்லை, ஒலிம்பிக்குக்குப் போங்கள்.

இப்போது என் விஷயம். என்னிடம் இருப்பது பழைய சீமாஸ்டர், நீல டயல். ஹேவ்லாக்கில் (இப்போது ஸ்வராஜ் தீவு) ஜானிஸ் கார்ஜ் என்று கொஞ்சம் ஆழமான இடம். படகில் போகும்போதே ஒருவர் ஆரம்பித்துவிட்டார். அவர் கையில் தட்டு சைஸில் ஒரு டைவ் கம்ப்யூட்டர், ஆழமும் நேரமும் பார்த்து இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று கணக்குச் சொல்லும் கருவி. என் மணிக்கட்டைப் பார்த்து, "பாஸ், ஷோரூமுக்கா வந்திருக்கீங்க?" என்றார். படகோட்டி நம்மூர்க்காரர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவர் மட்டும், "விடுங்கண்ணே, அவங்க வாட்ச், அவங்க கை" என்றார்.

என்னிடமும் கம்ப்யூட்டர் இருந்தது. டைவ் கடையில் வாடகைக்குக் கொடுத்தது. தண்ணீரில் விழுந்ததும் வழக்கம்போல வாட்சின் பெசலை, அதாவது டயலைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பி, அதிலிருக்கும் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தேன். இந்த மாடலில் பெசலின் விளிம்பு வழவழவென்று வளைந்து வளைந்து இருக்கும், ஈரக் கையில் பிடி கிடைக்காது. ஒமேகாவை எனக்குப் பிடிக்கும் என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழே போகப் போக டயலில் சிவப்பாக எழுதியிருக்கும் 'சீமாஸ்டர்' கறுத்துக்கொண்டே வந்தது, கடல் முதலில் விழுங்குவது சிவப்பைத்தானே. முள்ளும் புள்ளிகளும் மட்டும் பச்சையாக மின்னின. பாறைக்குப் பக்கத்தில் ஸ்னாப்பர் மீன் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பினால் திரை வெற்று. பொத்தானை அமுக்கினேன், ஒன்றும் இல்லை. கடைசியாக அதில் பார்த்த ஆழம் 26 மீட்டர்.

பெசலைப் பார்த்தேன், 17 நிமிடம் ஆகியிருந்தது. எந்த ஆழத்தில் அதிகபட்சம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் பழைய PADI (டைவிங் பயிற்சி நிறுவனம்) அட்டவணையில் 30 மீட்டருக்கு 20 நிமிடம், 18 மீட்டருக்கு 56 நிமிடம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆக, எல்லைக்குள்தான் இருக்கிறேன். ஜோடியாக வந்தவருக்குச் சைகை காட்டி, அவர் கம்ப்யூட்டரை ஓரக்கண்ணால் பார்த்தபடி மெதுவாக ஏறி, 5 மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உடம்பிலிருக்கும் நைட்ரஜன் வெளியேற வழக்கமாக நிற்கும் மூன்று நிமிடத்தை நொடி முள்ளை வைத்தே எண்ணி நின்றோம். பதற்றம் இல்லை. நேரம் தெரிந்திருந்ததால் பதற்றம் இல்லை.

மேலே வந்ததும் அந்த மனிதர் சொன்னார்: "ஜோடியிடம்தான் கம்ப்யூட்டர் இருந்ததே, வாட்ச் எதற்கு?" நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. வாட்ச் ஆழம் சொல்லாது, உடம்பில் ஏறியிருக்கும் நைட்ரஜன் கணக்குச் சொல்லாது, வேகமாக ஏறினால் கத்தாது. இன்றைக்குக் கம்ப்யூட்டர் இல்லாமல் வெறும் வாட்சோடு இறங்கு என்று நான் சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படித் திரிக்க வேண்டாம். ஒரு சப்மரைனர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் நல்ல கம்ப்யூட்டர் கிடைக்கும், முதலில் அதை வாங்குங்கள். ஆனால் கூடவே இன்னொரு கடிகாரம் இருப்பதில் என்ன கேலி?

இந்த வாட்சுகள் பிறந்ததே இதற்காகத்தான். பிளாங்பேன் கம்பெனியை நடத்திய ஷான் ஷாக் ஃபீஷ்டர் தெற்கு பிரான்சுக் கடலில் நேரம் தெரியாமல் காற்று தீர்ந்து மாட்டிக்கொண்டவர். அந்த அனுபவத்தோடு அவர் செய்த ஃபிஃப்டி ஃபாதம்ஸ் 1953இல் வந்தது. பிரெஞ்சு ராணுவ முக்குளிப்பாளர்கள் கட்டிக்கொண்டு இறங்கியது அதைத்தான். பெசல் ஒரே பக்கம்தான் திரும்பும் என்பதும் அலங்காரம் இல்லை. எங்காவது இடித்து நகர்ந்தாலும் அதிக நேரம் ஆனதாகத்தான் காட்டும், நீங்கள் சீக்கிரம் மேலே வருவீர்கள், பிழைத்தீர்கள். என் வாட்சில் பத்து மணிப் பக்கம் இருக்கும் ஹீலியம் வால்வு மட்டும் நமக்குச் சுத்த வெட்டி. அழுத்த அறையில் நாள்கணக்கில் குடியிருந்து எண்ணெய்க் குழாய் வேலை பார்க்கும் டைவர்களுக்கானது அது.

உண்மையான பயம் தண்ணீர் புகுவது அல்ல, வாட்ச் கழன்று விழுவது. செயினையும் வாட்சையும் பிடித்திருப்பது இரண்டு சின்ன ஸ்பிரிங் பின். படகிலிருந்து பின்பக்கமாகச் சாயும்போது பிசிடி (டேங்கைத் தாங்கும், காற்று நிரப்பும் சட்டை) பட்டையில் மாட்டி ஒரு பின் தெறித்தால் போச்சு. ஆகவே இரண்டு பின்னுக்கும் அடியில் ஓடும் ஒரே நீளத் துணிப்பட்டை போடுங்கள். ஒரு பின் போனாலும் மற்றதில் தொங்கும். வெட்சூட்டுக்கு (குளிர் தாங்கும் ரப்பர் உடை) மேல் கட்டினால் ஆழத்தில் சூட் நசுங்கி ஸ்ட்ராப் தொளதொளவென்று ஆகும், அதற்கு இழுபடும் ரப்பர் ஸ்ட்ராப் நல்லது. இறங்குவதற்கு முன் சாவியைத் தொட்டுப் பாருங்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சில வருடம் ஆன வாட்ச் என்றால் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் கடலில் இறக்காதீர்கள். பழைய வாட்ச் என்றால் டயலில் 300 என்று எழுதியிருப்பது அது கடையிலிருந்து வந்த அன்றைக்குத்தான் சத்தியம்.

பிரஷர் டெஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, எரிச்சலும் வருகிறது. வாஷர் மாற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். மாதக்கணக்கில் இழுத்தடித்துத் திருப்பிக் கொடுத்தபோது வாட்ச் பளபளவென்று இருந்தது. படகு ஏணியில் இடித்த கீறல், டேங்க் வால்வில் உரசிய கோடு, எல்லாவற்றையும் கேட்காமல் கொள்ளாமல் தேய்த்து எடுத்துவிட்டார்கள். "காம்ப்ளிமென்டரி சார்" என்று சிரிப்பு வேறு. ஓரங்கள் மழுங்கிப்போனது யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் கொடுக்கும்போது ரசீதிலேயே 'பாலிஷ் வேண்டாம்' என்று எழுதச் சொல்லி, அதில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.