பானெட்டைக் கழற்றி வையுங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கோவைப் பட்டறைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கேத்தி. உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் ஷெட்டில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் கார் மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்து வருகிறோம். சேஸிஸ் ஒரு இஞ்ச் சதுரக் குழாயில் நாங்களே வெல்டிங் செய்தது. இஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் பழைய 970 சிசி ஜிப்ஸியுடையவை, கோவை உக்கடத்தில் வாங்கினோம்.

ஒரு கல்லூரி விழாவில் காட்சிக்கு வைத்தோம். “இது காப்பிதானே தம்பி” என்றார் ஒருவர். “ரோட்டுல ஓட்ட முடியாத வண்டிக்கு எதுக்கு இவ்வளவு செலவு” என்றார் இன்னொருவர். வீட்டில் அப்பா சொல்வதும் அதுதான். மே சீசனில் ஊட்டியில் பழைய கார்களோடு நிறுத்த அழைத்திருக்கிறார்கள். போவதா வேண்டாமா என்று தயக்கம். போதாக்குறைக்கு, டிசம்பரில் போட்ட ஃபைபர் மூக்கு இன்னும் பிசுபிசுவென்றே இருக்கிறது. ஒரே ஒரு தடவை, விடியற்காலையில், ஊட்டியிலிருந்து இறங்குகிற கல்லட்டி மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கவும் ஆசை. படங்கள் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கேத்தியிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

கட்டாயம் போங்கள். பானெட்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தக் ‘காப்பி’ விஷயம்.

லோட்டஸ் செவன் 1957-இல் வந்தது. லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன் அதை உதிரிகளாகவும் விற்றார். முழுக் காராக வாங்கினால் அன்றைய பிரிட்டனில் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வேண்டாம். பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததாம். அதனால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973-இல் வரி முறை மாறியதும் அந்த லாபம் போய்விட்டது. அதே வருடம் அந்த வண்டியின் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போனது. அந்த வண்டியை இன்றைக்கும் அவர்களிடம் கிட்டாக வாங்கலாம்.

முதல் செவனின் இஞ்சினே லோட்டஸுடையது கிடையாது, சாதாரண ஃபோர்டு கார் இஞ்சின். ஊரில் கிடைக்கிற சின்ன வண்டியின் உறுப்புகளை எடுத்து, எடை குறைந்த ஒரு கூட்டில் பூட்டுவது என்பதுதான் அந்தக் காரின் பிறப்பிலேயே இருக்கிற எண்ணம். நீங்கள் ஜிப்ஸியை வைத்துச் செய்திருப்பது அதே வேலை. ஜிப்ஸியைத் தேர்ந்தெடுத்ததே நல்ல யோசனை என்பேன். மாருதி 800-இல் இஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கும். ஜிப்ஸியில் நீளவாக்கில் இருக்கிறது. முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் கியர் பாக்ஸை விட்டுத் தனியாக இருப்பதால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகப் பின் ஆக்சிலுக்குப் போகலாம். இதை யோசித்துச் செய்தவர்களைக் காப்பி அடித்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. உங்கள் படத்தில் மூக்கின் மேல் லோட்டஸின் மஞ்சள் பச்சை வட்டச் சின்னம் தெரிகிறது. அதை எடுத்துவிடுங்கள். அந்தச் சின்னம் இருக்கிற வரை ‘காப்பிதானே’ என்று கேட்கிறவருக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். உங்கள் மூவரின் பெயரையும் கேத்தி என்ற ஊர்ப் பெயரையும் அங்கே எழுதுங்கள்.

மலை இறங்கினால் கோவையிலேயே உங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. எஸ். கரிவரதன். எண்பதுகளின் பிற்பகுதியில், நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-இன் 796 சிசி இஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தவர். ஃபார்முலா மாருதி என்று பெயர். வெளிநாட்டிலிருந்து கார் இறக்க முடியாத பையன்களுக்கு ரேஸ் ஓட்ட ஒரு வழி அதனால் கிடைத்தது. பிறகு ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அதில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிற ரேஸ் டிராக், கரி மோட்டார் ஸ்பீட்வே, அவர் பெயரில் இருப்பதுதான். ரோட்டில் ஓட்ட முடியாத வண்டி எதற்கு என்று கேட்டவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இனி பானெட். நீங்கள் அனுப்பியதில் எனக்கு மிகவும் பிடித்தது சிவப்பு பெயிண்ட் அடித்து நிறுத்திய படம் இல்லை. ஷெட்டின் தரையில் பிளைவுட் பலகை போட்டு, அதன் மேல் குழாய்களை அடுக்கியிருக்கும் படம். பலகையில் சாக்பீஸில் இரண்டு மூலைவிட்டங்களின் அளவும் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே எண். பக்கத்தில் முதலில் எழுதி அழித்த எண்ணும் லேசாகத் தெரிகிறது, அது நாலு மில்லிமீட்டர் அதிகம். ஆக, ஒரு முறை கோணிப் போயிருக்கிறது, டேக்கை, அதாவது தற்காலிகமாக வைத்த புள்ளி வெல்டிங்கை, வெட்டிச் சரி செய்திருக்கிறீர்கள். ஒரு மூலையை முழுக்கப் பற்றவைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும். எல்லா மூலையிலும் டேக் போட்டு, அளந்து, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது. பளபளப்பான படத்தில் இல்லை.

காட்சிக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டுங்கள். ஊட்டியில் பக்கத்தில் நிற்கப் போவது எழுபது எண்பது வருடக் கார்கள். பளபளப்பில் அவற்றோடு போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. ஒரு பக்கத் தகட்டையும் கழற்றி, கால் வைக்கிற இடத்தில் நாலு குழாய் சேரும் மூலை வெளியே தெரிகிற மாதிரி விடுங்கள். எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, எதை நீங்களே செய்தீர்கள் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை வையுங்கள். வேலை நடந்த படங்களைத் தேதி போட்டு ஓர் ஆல்பமாக்குங்கள். விவரம் தெரிந்தவர்கள் குனிந்து வயரிங் எப்படிப் போகிறது, பிரேக் பைப்புக்கு கிளிப் சரியாக அடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் படத்தில் பின் பிரேக் பைப் ஒரு சாணுக்கு மேல் கிளிப்பே இல்லாமல் தொங்குகிறது. அதிர்வில் உரசி ஓட்டை விழும். முதலில் அதைக் கவனியுங்கள்.

ஃபைபருக்கு வருவோம். பாலியெஸ்டர் ரெசினுக்குச் சூடு வேண்டும், கிட்டத்தட்ட இருபது டிகிரி. உறைபனி விழுகிற டிசம்பரில், ஈரக்காற்றில், கேத்தியில் அது எப்படி இறுகும்? நகத்தால் அழுத்திப் பாருங்கள். அடியில் கல்லாக இருந்து மேலே மட்டும் ஒட்டினால் பயமில்லை. காற்று படுகிற பக்கம் அப்படித்தான் இருக்கும், அசிட்டோனில் துடைத்து எமெரி போட்டால் போதும். நகம் பதிந்தால் உள்ளேயே வேகவில்லை என்று அர்த்தம். மூக்கைக் கழற்றி ஒரு வண்டியில் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வெயிலில் வையுங்கள். அப்படியும் இறுகாவிட்டால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி.

சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்டனரை அள்ளி ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கிற கோபால்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கலக்காதீர்கள், தீப்பற்றி வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. நம் மலையில் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைக்கும் பழக்கம் உண்டு. ரெசின் இருக்கிற ஷெட்டில் அது வேண்டவே வேண்டாம். ரெசின் ஆவி பற்றிக்கொள்ளும்; மூடிய அறையில் கரிப்புகையே ஆளைக் கொன்றுவிடும்.

கல்லட்டி வேண்டாம் தம்பி. ஒரு தடவைகூட வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். சரியான வண்டிகளுக்கே பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகிற பாதை அது. சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிரிட்டனில் ஒருவர் வீட்டில் செய்த ஒற்றைக் காரைச் சோதித்து ரோட்டுக்கு அனுமதிக்க முறை இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். அப்படி ஒரு சோதனை வந்தால் நம் பட்டறைகளின் தரமே உயரும் என்று நினைக்கிறேன். ஆனால் வருகிற வரை, ஜிப்ஸியின் ஆர்.சி. கையில் இருக்கிறதே என்று பழைய சேஸிஸ் நம்பரை வெட்டிப் புதுக் குழாயில் ஒட்டுகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது குற்றம்.

ஓட்டிப் பார்க்கும் ஆசைக்கு டிரெய்லரில் ஏற்றிச் செட்டிப்பாளையம் கொண்டுபோங்கள். முதலில் அங்கே பேசி, ரோல் பார், பெல்ட் எல்லாம் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவையும் கூட்டிப்போங்கள். செலவுக் கணக்கை அவரிடம் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று. கேத்தியில் ஸ்பார்க் பிளக் கறுக்கிறது என்று கார்புரேட்டரில் சின்ன ஜெட் (பெட்ரோல் வருகிற துளை) போட்டிருப்பதாக ஒரு படத்தின் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மேலே காற்று மெலிது, பெட்ரோல் அதிகமாகிவிடுகிறது, அதனால் சரிதான். சமவெளிக்கு இறக்கியதும் பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் இஞ்சின் சூடாகி பிஸ்டன் போய்விடும்.

முன் சஸ்பென்ஷன் பிராக்கெட்டின் படம் மங்கலாக இருக்கிறது. வண்டியின் முன்பக்க பாரம் அந்த வெல்டிங்கில்தான் வருகிறது. ஸ்டியரிங் ராட் சேருமிடத்தையும் சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள். கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு வெல்டரிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்