ஆறு மொழியில் பொருள் தெரிந்தது, அத்தை சொன்ன பெயர் மறந்துவிட்டது

கேள்வி: அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. 'கை' என்று பெயர் வைக்க ஆசை. ஹவாய் மொழியில் கடல், ஜப்பானில் சிப்பி, நியூசிலாந்தின் மாவோரி மொழியில் உணவு, கிரேக்கத்தில் 'மற்றும்', ஃபின்னிஷில் 'ஒருவேளை'. தமிழில் மட்டும் வெறும் கை. இத்தனை மொழிகளில் இருப்பதால் ஆதியில் எல்லாம் ஒரே சொல்தானா? எதை உண்மையான பொருளாக எடுத்துக்கொள்வது? மாமியாரும் ஏதோ ஒரு பழைய பெயர் சொன்னார், இப்போது நினைவில்லை.
- ஒரு வாசகி

பதில்: ஒரே சொல் இல்லை. உலகில் சுமார் 7,000 மொழிகள் பேசுகிறார்கள். வாயில் சுலபமாக வரும் ஒரு சின்னச் சொல் அங்கங்கே மோதிக்கொள்ளாவிட்டால்தான் ஆச்சரியம்.

உங்கள் பட்டியலிலேயே சாட்சி இருக்கிறது. ஹவாய் மொழியும் மாவோரியும் நிஜமான உறவுக்காரர்கள், இரண்டுமே பசிபிக் தீவுகளின் பாலினேசிய மொழிக் குடும்பம். ஆனால் அந்த இரண்டு 'கை'க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஹவாயில் பழைய 'த' ஒலி 'க' ஆகிவிட்டது. அதனால் அவர்களுடைய கடலுக்கு மாவோரியில் உடன்பிறப்பு 'தை'. பழைய 'க' அங்கே தொண்டையில் ஒரு சின்ன அடைப்பாகச் சுருங்கிப்போனதால், மாவோரியின் உணவு ஹவாயில் 'ஐ' என்று கேட்கும். சொற்கள் உறவு என்றால் மாற்றம் இப்படி ஒழுங்காக நடந்திருக்கும். நம் கைக்கும் கன்னடத்தின் கைக்கும் தெலுங்கின் செய்யிக்கும் இருப்பது அந்த மாதிரி உறவு. ஜப்பானியச் சிப்பி பழைய எழுத்துமுறையில் 'கஹி'. கூட்டத்துக்கும் அங்கே 'கை' என்பார்கள், அது சீனத்திலிருந்து போனது. கிரேக்கர்கள் இன்று 'கே' என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளையை 'ஒருவேளை' என்று கூப்பிடும் எண்ணம் உங்களுக்கு இருக்காது, அதை விடுங்கள்.

நீங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவரை, காதில் விழப்போவது நம் கைதான். கைகொடு, கைவிடு, கைகூடு என்று இவ்வளவு வேலை பார்க்கிற சொல்லைப் போய் 'வெறும்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஃபின்னிஷ் பொருள்கூட நினைவிருக்கிறது. மாமியார் நேரில் சொன்னது நினைவில்லை! அவர் சொன்னபோது கையில் போன் இருந்ததா? அது யாருடைய பெயர் என்றாவது கேட்டீர்களா? வயதானவர்கள் பழைய பெயரைச் சொன்னால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பார்: வளர்த்த பாட்டி, சின்ன வயதிலேயே போய்விட்ட தங்கை. ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார்கள். நாம் காதில் வாங்கவில்லை என்று தெரிந்தால் அப்புறம் வாயைத் திறக்கமாட்டார்கள். பெயர் கேட்டு எனக்கு வருகிற கடிதங்களில் எல்லா ஊர்ப் பொருளும் இருக்கும், வீட்டுப் பெரியவர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். நள்ளிரவில் குழந்தை வீறிட்டால் எழுந்து வரப்போவது ஹவாய்க்காரர் இல்லை, அம்மா.

அவர் சொன்னதைத்தான் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெயர் வைப்பது பெற்றவர்கள் உரிமை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுப்பது வேறு, கேட்காமலே விடுவது வேறு. இரண்டாவதை நான் மரியாதைக் குறைவு என்றுதான் சொல்வேன். (உங்கள் கணவர் கடிதத்தில் ஒரு வரியில்கூட வரவில்லை. தன் அம்மா சொன்ன பெயர் அவருக்காவது நினைவிருக்கிறதா?)

இன்றைக்கே போய், "அத்தை, அன்னிக்கு நான் சரியா கேட்கல, அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். யாருடைய பெயர், அவர் எப்படிப்பட்டவர் என்றும் கேளுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் போங்கள். அதற்கப்புறமும் மனசு 'கை'யில்தான் நிற்கிறது என்றால் தாராளமாக வையுங்கள். தமிழில் அதை 'கை' என்று எழுதப்போகிறீர்களா, 'காய்' என்றா என்பதை மட்டும் பிறப்புச் சான்றிதழ் வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.