நடுவருக்கு அனுபவம் எதற்கு?

கேள்வி: சட்டம் படித்து முடித்த கையோடு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) தேர்வை எழுதவிடாமல், மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கேட்பது முறையா? (வாசகர், தென்காசி)

பதில்: முறைதான். 2002-இல் கைவிடப்பட்ட இந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கொண்டுவந்தது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய முதல் வகுப்பு நடுவரின் அபராத வரம்பை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 10,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது; இவ்வளவு அதிகாரத்தைக் கையாள அனுபவம் வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தும்போது, காவலில் வைக்கக் கோரி காவலர் நீட்டும் ரிமாண்டு தாளில் கையெழுத்திடும் முன் ‘அடித்தார்களா?’ என்று கைதானவரிடமே கேட்கும் துணிவு, கட்சிக்காரர்களோடு நீதிமன்ற வராந்தாவில் நின்று பழகியவருக்கே எளிதில் வரும். ஆனால், வருமானமில்லாத முதல் தலைமுறை வழக்கறிஞர்களுக்கு அந்த மூன்றாண்டுகளில் போதிய உதவித்தொகையை அரசு தந்தாக வேண்டும்.