பிணைப்பு உடைந்தால் வெப்பம் வருமா, போகுமா?

கேள்வி இதுதான்: "விறகிலுள்ள பிணைப்புகள் உடைவதால் வெப்பம் வருகிறது என்கிறார்கள். பாடப்புத்தகமோ பிணைப்பை உடைக்கச் சக்தி கொடுக்க வேண்டும் என்கிறது. எது சரி?"

புத்தகம்தான் சரி. பிணைப்பு என்றால் மூலக்கூறில் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது. பிணைப்பை உடைப்பது எப்போதும் செலவு, புதுப் பிணைப்பு உருவாவது எப்போதும் வரவு. நம் கையில் படும் வெப்பம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

ஐதரசன் எரிவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூல் என்பது மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு. இரண்டு மூல் ஐதரசனை உடைக்க 2 × 436, ஒரு மூல் ஒட்சிசனை உடைக்க 498, ஆகச் செலவு 1370 கிலோயூல். நீராவியில் நான்கு மூல் O–H (ஒட்சிசன்–ஐதரசன்) பிணைப்பு உருவாகும்போது 4 × 463 = 1852 கிலோயூல் வரும். மிச்சம் 482. அதுதான் சுடுகிறது.

விறகும் இப்படித்தான். ஒட்சிசனின் இரட்டைப் பிணைப்பு 498 தான். காபனீரொட்சைட்டில் உள்ள ஒவ்வொரு C=O (காபன்–ஒட்சிசன் இரட்டை) பிணைப்புக்கும் ஏறத்தாழ 800. பலவீனமான பிணைப்பு போய்ப் பலமான பிணைப்பு வருவதால்தான் லாபம். ஆக, அடுப்புச் சூட்டில் பாதிப் பெருமை காற்றுக்கும் உரியது. மழைக்காலத்தில் ஈர விறகு சரியாக எரியாததற்குக் காரணம் வேறு: ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 2260 கிலோயூல் போய்விடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் சுண்ணாம்பு. மாத்தளை, திகனைப் பக்கம் சூளையில் சுண்ணாம்புக்கல் சுடுவார்கள், தெரியும்தானே. கல்சியம் காபனேற்று ஒரு மூல் பிரிய 178 கிலோயூல் வேண்டும், வெப்பநிலையும் 900 பாகை செல்சியஸ் அளவுக்குப் போக வேண்டும். இது அகவெப்பத் தாக்கம், அதாவது வெப்பத்தை உள்ளே இழுக்கும் தாக்கம். விறகு அவ்வளவு தின்பது சும்மா இல்லை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறதே, அதில் திரும்பி வருவது சுமார் 65 தான். அப்படியானால் மீதி 113 எங்கே?

இப்படித் தண்ணீர் ஊற்றி நீற்றிய சுண்ணாம்பைத் தோட்டத்து லயத்துச் சுவருக்குப் பூசுகிறோம். அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெதுவாக உறிஞ்சி மறுபடி கல்சியம் காபனேற்று ஆகும்போது அந்த 113 வெளியே வருகிறது. நாள்கணக்கில் கசிவதால் சுவரைத் தொட்டால் தெரியாது. கடைசியில் நீற்றிய தண்ணீரும் திரும்ப வந்துவிடுகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. ஹெஸ் என்ற வேதியியலாளர் 1840இல் சொன்ன விதி இதுதான்: தொடக்கமும் முடிவும் ஒன்றென்றால், எந்த வழியாகப் போனாலும் மொத்த வெப்பவுள்ளுறை மாற்றம் (வெப்ப வரவு செலவின் மிச்சம்) ஒன்றே. புத்தகத்தில் இருக்கும் முக்கோணப் படத்தைவிட இது எனக்கு நன்றாக மனதில் நிற்கிறது.

சரி, தேயிலைக்குத் தெளிக்க யூரியா கரைக்கும்போது வாளி ஏன் குளிர்கிறது? பளிங்கில் மூலக்கூறுகளைப் பிரிக்க ஆகும் செலவு, அவை தண்ணீரோடு சேரும்போது வரும் வரவைவிடக் கூட. 60 கிராமுக்கு ஏறக்குறைய 15 கிலோயூல் குறைகிறது, அதைத் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நட்டத்தில் போகும் வேலை ஏன் தானாக நடக்கிறது என்று கேட்டால், அதற்குப் பதில் எந்திரப்பி, அதாவது துணிக்கைகளும் சக்தியும் எவ்வளவு சிதறிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு. அது தனிக் கேள்வி, தனியாகக் கேளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஆசையென்றால் யூரியாவை எடுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் 60 கிராம் போட்டாலே பத்துப் பாகைக்கு மேல் இறங்கும். சுட்ட சுண்ணாம்போடு மட்டும் விளையாட வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.